திறமூலத் திட்ட வலைத்தளங்களுக்கு உள்ளடக்க மேலாண்மை அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்: பராமரிப்பு நோக்கிலான அளவுகோல்கள்

ஆய்வுச் சுருக்கம்

திறமூல மென்பொருள் திட்டம் ஒன்றின் வலைத்தளம், மென்பொருளைப் பயனரிடம் சேர்க்கும் வாயிலாகவும், தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் இடமாகவும், திட்டத்தின் வரலாற்றைக் காக்கும் ஆவணமாகவும் அமைகின்றது. அத்தளத்தை நடத்துவதற்குரிய உள்ளடக்க மேலாண்மை அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது வசதிகளின் பட்டியலே பெரும்பாலும் ஒப்பிடப்படுகின்றது. ஆயின், தளத்தை யார் பராமரிப்பர், யார் திருத்துவர், உள்ளடக்கத்தை வேண்டும்போது முழுமையாக வெளியே எடுக்க இயலுமா என்னும் வினாக்களே முதலில் எழுப்பப்பட வேண்டியவை. இக்கருத்தினை டெபியன், குபர்நெட்டீஸ், பைத்தான், லிப்ரே ஆபிஸ், லினக்ஸ் மின்ட் ஆகிய திட்டங்களின் அனுபவங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது. தமிழ் உள்ளடக்கத்திற்கெனத் தனியே சோதிக்க வேண்டிய கூறுகளையும், தேர்வுக்கு உதவும் ஐந்து சோதனைகளையும் இது முன்வைக்கின்றது.

குறிச்சொற்கள்: திறமூல மென்பொருள், உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, வலைத்தளப் பராமரிப்பு, பன்மொழித் தளம், தமிழ்க் கணிமை

முன்னுரை

பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வுக் குழுக்களும் சொற்பிழை திருத்தி, தரவகம், அகராதி, எழுத்துணரி முதலிய மென்பொருள்களை உருவாக்கித் திறமூலமாக வெளியிடும் போக்கு வளர்ந்து வருகின்றது. மென்பொருளின் நிரல் ஒரு களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றது. அதனை அறிமுகப்படுத்தவும், பதிவிறக்க வழங்கவும், பயன்படுத்தும் முறையை விளக்கவும் ஒரு வலைத்தளம் தேவைப்படுகின்றது. இத்தளத்தை அமைக்கும் பணி, குழுவில் இளையவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுவதே பெருவழக்கு. அவர் தமக்குப் பழக்கமான அமைப்பு ஒன்றை நிறுவுகின்றார். தளம் சிறப்பாகத் தொடங்கி வைக்கப்படுகின்றது. பின்னர் நிதிக்காலம் முடிகின்றது. அவரும் ஆய்வை முடித்துச் செல்கின்றார். கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்பதே தெரியாத நிலையில் தளம் புதுப்பிக்கப்படாமல் கிடந்து, ஒருநாள் மறைந்து போகின்றது.

இந்த இழப்பு தொழில்நுட்பத்தோடு முடிவதன்று. ஆய்வுக் கட்டுரைகள் அத்தளத்தின் முகவரியை மேற்கோளாகக் காட்டியிருக்கும். பிற ஆய்வாளர்கள் அங்கிருந்து பெற்ற தரவைக் கொண்டு முடிவுகளை எட்டியிருப்பர். முகவரி திறக்கவில்லையெனில் அம்முடிவுகளைச் சரிபார்க்கும் வழியும் அடைபடுகின்றது. எனவே, எந்த அமைப்பைக் கொண்டு தளத்தை நடத்துவது என்னும் வினா, ஆய்வின் நம்பகத்தன்மையோடு நேரடித் தொடர்புடையதாகின்றது. பெரிய திறமூலத் திட்டங்கள் இவ்வினாவிற்கு எவ்வாறு விடை கண்டன என்பதை நோக்கி, அவற்றினின்று பொதுவான அளவுகோல்களை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்ளடக்க மேலாண்மை அமைப்பின் வகைகள்

வலைப்பக்கங்களை எழுதவும், திருத்தவும், ஒழுங்குபடுத்தவும், வெளியிடவும் துணைபுரியும் மென்பொருளே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படுகின்றது. உள்ளடக்கம் எங்கே சேமிக்கப்படுகின்றது, பக்கம் எப்போது உருவாக்கப்படுகின்றது என்னும் இரண்டின் அடிப்படையில் இவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, தரவுத்தளம் சார்ந்த அமைப்பு. வேர்ட்பிரஸ், துருபல், ஜூம்லா, சில்வர்ஸ்ட்ரைப் ஆகியன இவ்வகையின. இவை நான்கும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டவை. கட்டுரைகள் தரவுத்தளத்தில் இருக்கும். பயனர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது நிரல் இயங்கி அப்பக்கத்தை உருவாக்கித் தரும். எழுதுவோர் உலாவியிலேயே உள்நுழைந்து எழுதலாம்.

இரண்டாவது, நிலைப்பக்க உருவாக்கி. 2008-இல் தோன்றிய ஜெக்கில், 2013-இல் தோன்றிய ஹியூகோ ஆகியன இதற்குச் சான்றுகள். கட்டுரைகள் எளிய உரைக்கோப்புகளாக எழுதப்பட்டு, பெரும்பாலும் கிட் களஞ்சியத்தில் நிரலோடு நிரலாகப் பேணப்படும். திருத்தம் நிகழும்போது மட்டும் நிரல் ஒருமுறை இயங்கிப் பக்கங்கள் அனைத்தையும் ஆக்கிவைக்கும். வழங்கி அவற்றை அப்படியே எடுத்தளிக்கும்.

மூன்றாவது, விக்கி. விக்கிப்பீடியாவிற்கென உருவாகிய மீடியாவிக்கி இவ்வகையில் முதன்மையானது. இதுவும் தரவுத்தளம் சார்ந்ததே எனினும், எவரும் திருத்தலாம், எத்திருத்தமும் வரலாற்றில் நிற்கும் என்னும் கொள்கையால் தனிவகையாகக் கொள்ளத்தக்கது. ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டம் தன் தளத்தை மீடியாவிக்கியின் மீதே அமைத்துள்ளமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

திறமூலத் திட்டத் தளத்தின் தனித்தன்மை

ஒரு வணிக நிறுவனத்தின் தளத்திற்கும் திறமூலத் திட்டத்தின் தளத்திற்கும் அடிப்படை வேறுபாடுகள் உள்ளன. நிறுவனத்தில் தளத்தைப் பேண ஊதியம் பெறும் ஊழியர் இருப்பர். திறமூலத் திட்டத்தில் தன்னார்வலர் வருவர், போவர். நிறுவனத் தளத்தில் யார் எழுதலாம் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். திறமூலத் திட்டத்தில் இதுவரை அறியப்படாத ஒருவர் அனுப்பும் திருத்தத்தையும் ஏற்பதற்கு வழி வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, திறமூலத் திட்டத்தின் தளம் மென்பொருளைப் பதிவிறக்கும் இடமாகவும் உள்ளது. பயனர் தம் கணினியில் நிறுவப்போகும் நிரலை அத்தளத்தை நம்பியே பெறுகின்றார்.

இந்நம்பிக்கை குலைந்த நிகழ்வு ஒன்று 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று நேர்ந்தது. லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் வலைத்தளத்தில் ஊடுருவியவர்கள், அதன் 17.3 பதிப்பின் சின்னமன் வடிவத்திற்குரிய பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு பொருத்தப்பட்ட போலிக் கோப்பை நோக்கித் திருப்பினர். வேர்ட்பிரஸ் வழியாகவே ஊடுருவல் நிகழ்ந்ததாகத் திட்டத்தினர் அறிவித்தனர். பயனர் மன்றத்தின் தரவுத்தளமும் களவு போயிற்று. இயங்குதளத்தின் நிரலில் எக்குறையும் இல்லை. அதனை வழங்கிய தளமே வாயிலாகிவிட்டது.

இந்நிகழ்வை வேர்ட்பிரஸ் என்னும் ஒரு மென்பொருளுக்கு எதிரான சான்றாகக் கொள்வது பொருந்தாது. செய்தி எழுதும் வசதிக்காக நிறுவப்பட்ட ஒன்றின் வழியே நுழைந்தவர், பதிவிறக்க இணைப்பு வரை செல்ல முடிந்தது என்பதே இதன் பாடமாகும். அன்றாடம் எழுதப்படும் பகுதியும் பதிவிறக்கப் பகுதியும் ஒரே வழங்கியில், ஒரே அனுமதியின்கீழ் இயங்குதல் கூடாது. கோப்பைச் சரிபார்க்கும் எண்கோவை அதே பக்கத்தில் மட்டும் இருப்பின், இணைப்பை மாற்றியவர் அதனையும் மாற்றிவிட இயலும். ஆகவே, தளத்தைச் சாராமல் சரிபார்க்கத்தக்க எண்ம ஒப்பம் ஒவ்வொரு வெளியீட்டிற்கும் இடப்பட வேண்டும். எவ்வமைப்பைத் தேர்ந்தாலும் இவ்விரண்டும் மாறா விதிகளாகும்.

அளவுகோல் 1: பராமரிப்புச் சுமை

ஓர் அமைப்பை நிறுவுவதற்கு ஆகும் உழைப்பை விட, அதனைப் பத்தாண்டு காலம் பாதுகாப்பாக வைத்திருக்க ஆகும் உழைப்பே பெரிது. தரவுத்தளம் சார்ந்த அமைப்பில் ஒவ்வொரு பக்கக் கோரிக்கைக்கும் நிரல் இயங்குவதால், அந்நிரலில் காணப்படும் குறை உடனே திருத்தப்பட வேண்டும். இங்கு 'உடனே' என்பதன் பொருளைத் துருபலின் வரலாறு காட்டுகின்றது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று துருபல் 7-இல் கண்டறியப்பட்ட தரவுத்தள ஊடுருவல் குறைக்குத் திருத்தம் வெளியிடப்பட்டது. இரு வாரங்களுக்குப் பின் துருபலின் பாதுகாப்புக் குழு விடுத்த அறிவிப்பு, திருத்தம் வெளியான ஏழு மணி நேரத்திற்குள் அதனை நிறுவாத தளங்கள் அனைத்தும் ஊடுருவப்பட்டனவாகவே கருதப்பட வேண்டும் என்றது. தன்னார்வலர் நடத்தும் தளத்தில் ஏழு மணி நேரத்திற்குள் செயற்பட ஒருவர் விழித்திருப்பாரா என்பதே தேர்வுக்கு முன் கேட்க வேண்டிய வினா.

வேர்ட்பிரஸ் 2013-இல் வெளியான 3.7 பதிப்பு முதல் சிறு திருத்தங்களைத் தானே நிறுவிக்கொள்கின்றது. இஃது இச்சுமையைப் பெரிதும் குறைக்கின்றது. எனினும், மூன்றாம் தரப்பினர் எழுதிய செருகுநிரல்கள் பலவற்றை நம்பி நிற்கும் தளத்தில் ஒவ்வொரு செருகுநிரலும் தனித்தனியே பராமரிக்கப்பட வேண்டியதாகின்றது. அதனை எழுதியவர் கைவிட்டாலும், அது தளத்தில் இயங்கிக்கொண்டே இருக்கும். எனவே, 'இவ்வசதிக்குச் செருகுநிரல் உண்டா?' என்று மட்டும் கேளாமல், 'அச்செருகுநிரலைப் பராமரிப்பவர் யார்?' என்றும் கேட்பதே முறை.

பெரும் பதிப்பு மாற்றமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். 2011-இல் வெளியான துருபல் 7-க்கும் 2015-இல் வெளியான துருபல் 8-க்கும் இடையே உள்கட்டமைப்பு முற்றிலும் மாறியது. பழைய தளத்தை அப்படியே மேம்படுத்த இயலாமல், புதிய தளம் அமைத்து உள்ளடக்கத்தை இடம்பெயர்க்க வேண்டியதாயிற்று. துருபல் 7-க்கான ஆதரவு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்றே முடிவுற்றது. வேலைப்பளு மிக்க தளங்கள் எத்துணைக் காலம் பழைய பதிப்பிலேயே தங்கியிருந்தன என்பதை இந்நீட்டிப்புகளே உணர்த்துகின்றன.

நிலைப்பக்கத் தளத்தில் இச்சுமை குறைவு. வழங்கியில் இயங்கும் நிரலும் தரவுத்தளமும் இல்லாமையால் தாக்குதலுக்குரிய பரப்பு சுருங்குகின்றது. பராமரிப்பவர் ஓராண்டு கவனிக்காவிடினும் பக்கங்கள் நிலைத்திருக்கும். ஆயினும், உருவாக்கியின் புதிய பதிப்பு பழைய வார்ப்புருக்களை ஏற்காது போகலாம் என்பதால், பயன்படுத்தும் பதிப்பின் எண்ணைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது.

அளவுகோல் 2: பங்களிப்போரின் பணிமுறை

பராமரிப்பு எளிது என்பதனால் நிலைப்பக்க உருவாக்கியே எல்லாத் திட்டங்களுக்கும் உகந்தது என்று முடிவுகட்டுதல் தவறாகும். யார் எழுதுகின்றனரோ அவர்தம் பணிமுறைக்கு ஏற்ற அமைப்பே நிலைக்கும்.

குபர்நெட்டீஸ் திட்டத்தின் ஆவணங்களை எழுதுவோர் பெரும்பாலும் நிரலாளர்கள். கிட் களஞ்சியத்தில் மாற்றத்தை முன்மொழிதல், பிறர் அதனை மதிப்பாய்தல், ஒப்புதலுக்குப் பின் இணைத்தல் என்னும் முறை அவர்களுக்கு நாள்தோறும் பழக்கமானது. அத்தளம் ஹியூகோவின் வழியே உருவாகின்றது. ஒவ்வொரு பக்கத்திலும் அதனைத் திருத்துவதற்கான இணைப்பு உண்டு. முன்மொழியப்பட்ட மாற்றம் தளத்தில் எவ்வாறு தோன்றும் என்பதை ஒப்புதலுக்கு முன்பே காணவும் இயலும். நிரலுக்குப் பின்பற்றப்படும் மதிப்பாய்வு ஒழுங்கே உரைக்கும் பின்பற்றப்படுகின்றது.

லிப்ரே ஆபிஸ் திட்டத்தின் நிலை வேறு. ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தைக் கையகப்படுத்தியதை அடுத்து, ஓப்பன் ஆபிஸ் திட்டத்தினின்று பிரிந்து 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்டது அத்திட்டம். அதன் தன்னார்வலருள் மொழிபெயர்ப்பாளர், வடிவமைப்பாளர், விளம்பரப் பணி செய்வோர் எனக் கிட் அறியாதோர் பலர். அத்திட்டம் முதன்மைத் தளத்திற்குச் சில்வர்ஸ்ட்ரைப் அமைப்பையும், செய்திகளுக்கு வேர்ட்பிரஸையும், உள்விவாதக் குறிப்புகளுக்கும் கையேடுகளுக்கும் மீடியாவிக்கியையும் பயன்படுத்துகின்றது. ஒரே அமைப்பைக் கொண்டு எல்லாவற்றையும் முடிக்க முயலாமல், பணிக்கேற்ற கருவியைக் கொள்ளும் நெறி இது.

பைத்தான் திட்டமும் இந்நெறியையே வேறு வடிவில் பின்பற்றுகின்றது. 2014-இல் புதுப்பிக்கப்பட்ட அதன் முதன்மைத் தளம், பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோ சட்டகத்தின் மேல் அமைந்தது. வெளியீடுகள், செய்திகள், நிகழ்வுகள் ஆகியன தரவுத்தளத்தில் பேணப்படுகின்றன. மொழியின் ஆவணங்களோ, நிரலுடனேயே உரைக்கோப்புகளாக வைக்கப்பட்டு, ஸ்ஃபிங்ஸ் என்னும் கருவியால் தனித்தளமாக ஆக்கப்படுகின்றன. நிரலின் பதிப்பு மாறுந்தோறும் ஆவணமும் உடன் மாற வேண்டும் என்பதால் இப்பிரிப்பு தேவையாயிற்று. தம் சமூகத்திற்குத் தெரிந்த மொழியிலேயே தளத்தை அமைத்ததால், அதனைத் திருத்தவல்லோர் அச்சமூகத்திற்குள்ளேயே கிடைக்கின்றனர்.

இவற்றினின்று ஒரு பொதுநெறி பெறப்படுகின்றது. நிரலின் பதிப்போடு இணைந்து மாறும் உரை, நிரலோடு களஞ்சியத்தில் இருக்கத்தக்கது. அவ்வப்போது பலரும் எழுதும் செய்தி, உலாவியில் எழுதத்தக்க அமைப்பில் இருக்கத்தக்கது. பலர் கூடி விவாதித்து வளர்க்கும் குறிப்பு, விக்கியில் இருக்கத்தக்கது. சிறு குழுவிற்கு மூன்றையும் பேணும் ஆற்றல் இராது. அந்நிலையில், தன் உரையில் பெரும்பகுதி எவ்வகையினது என்று கண்டு, அதற்குரிய ஒன்றை மட்டும் கொள்வது நன்று.

அளவுகோல் 3: பன்மொழிப் பேணல்

பல மொழிகளில் தளம் நடத்துவதில் உண்மையான இடர், முதல் மொழிபெயர்ப்பைச் செய்வதில் இல்லை. மூலம் மாறியபின் மொழிபெயர்ப்பு பழையதாகவே நிற்பதில் உள்ளது. பழைய நிறுவல் வழிமுறையைத் தம் மொழியில் படித்துப் பின்பற்றும் பயனர், தாம் படிப்பது பழையது என்பதை அறியார்.

1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டம் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. அதன் பக்கங்கள் உரைக்கோப்புகளாக எழுதப்பட்டு, நிலைப்பக்கங்களாக ஆக்கப்படுகின்றன. ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தொடக்கத்திலும், மூலத்தின் எந்தத் திருத்தநிலையைக் கொண்டு அது மொழிபெயர்க்கப்பட்டது என்னும் குறிப்பு இடம்பெறும். மூலம் அதன்பின் மாறியிருப்பின், மொழிபெயர்ப்பு காலங்கடந்தது என்பதை அமைப்பே கண்டறிந்து எச்சரிக்கின்றது. பயனரின் உலாவி எம்மொழியை விரும்புவதாகத் தெரிவிக்கின்றதோ, அம்மொழிப் பக்கத்தையே வழங்கி தேர்ந்தளிக்கும். இத்தளத்தின் மொழிப்பிரிவுகளுள் தமிழும் ஒன்று. இக்கோப்புகள் 2018-இல் பழைய சிவிஎஸ் முறையிலிருந்து கிட் களஞ்சியத்திற்கு மாற்றப்பட்டன. கருவி மாறியபோதும் குறிப்பிடும் மரபு தொடர்ந்தது. விலைமதிப்புடையது கருவியன்று, அம்மரபே என்பது இதனால் விளங்கும்.

குபர்நெட்டீஸ் திட்டம் 2018-இல் ஜெக்கிலிலிருந்து ஹியூகோவிற்கு மாறியதற்குப் பன்மொழி ஆதரவும் தளம் உருவாகும் விரைவும் முதன்மைக் காரணங்களாக அமைந்தன. அத்திட்டம் ஒரு மொழிப்பிரிவைத் தொடங்குவதற்கு விதிக்கும் நிபந்தனை கருதத்தக்கது. தாம் எழுதியதற்குத் தாமே ஒப்புதல் அளித்தல் கூடாது என்பதால், குறைந்தது இருவர் இருந்தாலன்றி ஒரு மொழிப்பிரிவு தொடங்கப்படுவதில்லை. ஒருவரை மட்டும் நம்பித் தொடங்கும் தமிழ்த் திட்டங்கள் ஏற்றுக்கொள்ளத்தக்க விதி இது.

அளவுகோல் 4: உரிமமும் ஆட்சிமுறையும் வெளியேறும் வழியும்

திறமூலத் திட்டம் தன் தளத்திற்கும் திறமூல அமைப்பையே கொள்வது கொள்கை சார்ந்த முடிவாகப் பலராலும் கருதப்படுகின்றது. அது நடைமுறைக் காப்பும் ஆகும். பி2 என்னும் வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அது பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருந்தமையாலேயே பிறர் அதனை எடுத்து வளர்க்க முடிந்தது. 2003-இல் அவ்வாறு கிளைத்ததே வேர்ட்பிரஸ். மாம்போ என்னும் அமைப்பின் ஆட்சி குறித்து 2005-இல் கருத்து வேறுபாடு எழுந்தபோது, அதனை உருவாக்கியோர் பெரும்பாலோர் விலகிச்சென்று அதே நிரலிலிருந்து ஜூம்லாவைத் தொடங்கினர். துருபல் 8-இன் மாற்றத்தை விரும்பாதோர் துருபல் 7-இலிருந்து பேக்டிராப் என்னும் கிளையை உருவாக்கினர். உரிமம் திறந்ததாக இருப்பின், அமைப்பின் உரிமையாளர் கைவிட்டாலும் பயனர் கைவிடப்படுவதில்லை.

உரிமம் நிரலைக் காக்கும், உள்ளடக்கத்தைக் காக்காது. ஆகவே, உள்ளடக்கம் எவ்வடிவில் வெளிவரும் என்பதையும் ஆராய வேண்டும். வேர்ட்பிரஸும் மீடியாவிக்கியும் உள்ளடக்கத்தை எக்ஸ்எம்எல் கோப்பாகத் தருகின்றன. ஆயின், பக்கவடிவமைப்புச் செருகுநிரல் ஒன்றைக் கொண்டு எழுதப்பட்ட பக்கம் வெளியே எடுக்கப்படும்போது, அச்செருகுநிரலுக்கு மட்டும் புரியும் குறியீடுகளோடு வெளிவருவதுண்டு. உரை இருக்கும், படிக்க இயலாது. நிலைப்பக்க உருவாக்கியில் மூலமே உரைக்கோப்பாக இருப்பதால் இவ்விடர் குறைவு. எனினும், அங்கும் ஓர் உருவாக்கிக்கே உரிய சுருக்கக் குறியீடுகளை மிகுதியாகக் கையாண்டால் அதே நிலை நேரும். இயன்றவரை எளிய நடையமைப்பில் எழுதுவதே நெடுங்காலக் காப்பு.

தளத்தின் பெயருரிமையும் இவ்வளவுகோலுள் அடங்கும். முகவரியின் பதிவு ஒரு தனியாளின் பெயரில் இருப்பின், எவ்வமைப்பைத் தேர்ந்தும் பயனில்லை. பதிவு, வழங்கி, களஞ்சியம் ஆகிய மூன்றன் திறவுகளும் குறைந்தது இருவரிடம் இருத்தல் வேண்டும்.

தமிழ் உள்ளடக்கத்திற்கான சோதனைகள்

மேற்கண்ட அளவுகோல்கள் எம்மொழித் தளத்திற்கும் பொருந்துவன. தமிழில் நடத்தப்படும் தளத்திற்கு மூன்று கூறுகளைத் தனியே சோதிக்க வேண்டும்.

ஒன்று, இணைய முகவரி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொள்ளும். முகவரியில் இடம்பெறும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று எழுத்துகளாக மாறுவதால், ஒரு குறியீட்டிற்கு ஒன்பது எழுத்துகள் ஆகின்றன. 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன. அச்சொல் 45 எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸில் ஒரு பக்கத்தின் முகவரிப்பெயருக்கு 200 எழுத்துகளே எல்லை. அதாவது, ஏறத்தாழ 22 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் தலைப்பு வெட்டப்படும். 'சங்க இலக்கியத்தில்' என்று தொடங்கும் தலைப்பில் அவ்விரு சொற்களுக்கே 17 குறியீடுகள் செலவாகிவிடும். மூன்றாம் சொல்லில் ஐந்து குறியீடுகளே எஞ்சும். அவ்வாறு தொடங்கும் கட்டுரைகள் பல இருப்பின் அவற்றின் முகவரிகள் ஒன்றுபோலாகி, இறுதியில் சேரும் எண்ணால் மட்டுமே வேறுபடும். எனவே, ஒவ்வொரு பக்கத்திற்கும் குறுகிய முகவரிப்பெயரைக் கையால் அமைக்க இடமுண்டா என்பதைப் பார்க்க வேண்டும். அமைத்த முகவரி பின்னர் மாறாதிருத்தலும் வேண்டும்.

இரண்டு, தேடல். எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடும் தேடலில் 'நூல்' என்று தேடினால் 'நூல்கள்' கிடைக்கும். 'நூலை', 'நூலின்' ஆகியன கிடைக்கா. புள்ளி நீங்கி உயிர்க்குறி ஏறுவதே காரணம். வேற்றுமை உருபேற்ற வடிவங்களே மிகுந்த தமிழ் உரையில் இத்தேடல் பெரும்பகுதியைத் தவறவிடும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 2019-இல் வெளியான 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லடி காணும் வசதியைக் கொண்டுள்ளது. தேடல் முதன்மையான தளமெனில், இத்தகைய வசதியை அமைப்பு பயன்படுத்துமா என்பது தேர்வையே மாற்றக்கூடிய காரணியாகும். நிலைப்பக்கத் தளத்தில் தேடல் தனியே அமைக்கப்பட வேண்டியது என்பதும் நினைவிற்குரியது.

மூன்று, குறியாக்கம். 2019-இல் வெளியான யூனிகோடு 12.0, முந்திரி, காணி முதலிய பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் ஒரு துணைத் தொகுதியை அளித்தது. இத்தொகுதியின் குறியீடுகள் நான்கு பைட்டுகள் கொள்பவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய யூடிஎஃப்-8 அமைவு மூன்று பைட்டுகளையே ஏற்பதால், இக்குறிகளை அதில் சேமிக்க இயலாது. வேர்ட்பிரஸ் 2015-இல் வெளியான 4.2 பதிப்பு முதல் நான்கு பைட்டு அமைவை ஆதரிக்கின்றது. கல்வெட்டு, ஓலைக்கணக்கு ஆகியவற்றைக் கையாளும் திட்டங்கள் இதனைத் தொடக்கத்திலேயே சோதித்தல் வேண்டும்.

தேர்வுமுறை: ஐந்து சோதனைகள்

கருதப்படும் அமைப்புகளை இரண்டு அல்லது மூன்றாகச் சுருக்கிக்கொண்டபின், ஒவ்வொன்றிலும் பின்வரும் ஐந்து பணிகளைச் செய்து பார்ப்பது விளம்பர ஒப்பீடுகளினும் பயன் தரும்.

1. புதிய வெளியீடு ஒன்றின் அறிவிப்பையும் பதிவிறக்க இணைப்பையும், அமைப்பை நிறுவாத வேறொருவர் பதிவேற்றுதல்.

2. குழுவிற்கு வெளியே உள்ள ஒருவர், ஒரு பக்கத்தில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்புதல். குழுவினர் அதனை ஏற்றல்.

3. மூலப் பக்கம் ஒன்றை மாற்றிவிட்டு, அதன் மொழிபெயர்ப்பு பழையதாகிவிட்டது என்பது யாருக்கு, எவ்வாறு தெரியவருகின்றது என்று காணுதல்.

4. உள்ளடக்கம் முழுவதையும் வெளியே எடுத்து, அவ்வமைப்பு இல்லாத கணினியில் படித்துப் பார்த்தல்.

5. காப்பு நகலைக் கொண்டு, எழுதிவைத்த குறிப்பின் துணையால் மட்டும், புதியவர் ஒருவர் தளத்தை மீண்டும் நிறுவுதல்.

முதல் இரண்டு சோதனைகளில் தரவுத்தளம் சார்ந்த அமைப்பும் விக்கியும் எளிதில் தேறும். நிரலறியாதோர் மிகுந்த குழுவில் நிலைப்பக்க உருவாக்கி இடறும். இறுதி இரண்டில் நிலை தலைகீழாகும். எச்சோதனை தமக்கு இன்றியமையாதது என்பதைக் குழு முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். நிதிக்காலம் குறுகிய ஆய்வுத்திட்டங்களுக்கு நான்காவதும் ஐந்தாவதுமே தலையாயவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அத்தகைய திட்டம் தரவுத்தள அமைப்பைத் தேர்ந்தால், திட்டம் முடியும் தறுவாயில் தளத்தை நிலைப்பக்கங்களாக மாற்றி, அதே முகவரிகளில் நிறுத்தி வைக்கும் பணியையும் தன் செயல்திட்டத்தில் எழுதிச் சேர்த்தல் வேண்டும்.

முடிவுரை

திறமூலத் திட்டத்தின் தளத்திற்குச் சிறந்த அமைப்பு எது என்னும் வினாவிற்குப் பொதுவான ஒரே விடை இல்லை. ஆய்வில் கண்ட திட்டங்கள் ஐந்தும் வெவ்வேறு அமைப்புகளையே கொண்டுள்ளன. எனினும், அவற்றின் அனுபவங்கள் பின்வரும் முடிவுகளுக்கு இட்டுச்செல்கின்றன.

• பதிவிறக்கப் பகுதி அன்றாடம் எழுதப்படும் பகுதியினின்று பிரிக்கப்பட வேண்டும். வெளியீடுகள் எண்ம ஒப்பமிடப்பட வேண்டும்.

• தளத்தைப் பேணும் ஆற்றலுக்கு மிஞ்சிய அமைப்பு, வசதிகள் நிறைந்ததாயினும் இடரே ஆகும்.

• எழுதுவோரின் பணிமுறையே அமைப்பின் வகையைத் தீர்மானிக்க வேண்டும். பணிகள் வேறுபடின் அமைப்புகளும் வேறுபடலாம்.

• மொழிபெயர்ப்பின் திருத்தநிலையைக் குறிக்கும் மரபு, எவ்வமைப்பிலும் பின்பற்றப்பட வேண்டும்.

• தமிழ்த் தளங்கள் முகவரி, தேடல், குறியாக்கம் ஆகிய மூன்றையும் தேர்வுக்கு முன்பே சோதிக்க வேண்டும்.

• உள்ளே நுழையும் எளிமையைக் காட்டிலும் வெளியேறும் எளிமையே முதலில் ஆராயப்பட வேண்டும்.

மென்பொருள் மாறும், குழுவினரும் மாறுவர். இன்று அமைப்பைத் தேர்பவர் அதனை இறுதிவரை பேணப்போவதில்லை. ஆகவே, தமக்குப் பின் வருபவர் தம் உதவியின்றியே அத்தளத்தை ஏற்று நடத்த இயலுமா என்பதே தேர்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினாவாகும். இதற்கு ஆம் என்று கூறத்தக்க அமைப்பு எதுவோ, அதுவே அத்திட்டத்திற்கு உரிய அமைப்பு.